கேக் நடுவில் குழிந்தால் பேக்கிங் பவுடரைக் கூட்டாதீர்கள்

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: நான்கு முறை கேக் செய்தீர்கள்; நான்கு முறையும் ஓவனுக்குள் நன்றாக உப்பி வந்த கேக், வெளியே எடுத்த சில நிமிடங்களில் நடுவில் குழிந்துவிட்டது. பேக்கிங் பவுடர் போதவில்லை என்று எண்ணி ஒவ்வொரு முறையும் அரைத் தேக்கரண்டி கூட்டினீர்கள். 250 கிராம் மைதாவுக்கு இரண்டரைத் தேக்கரண்டியில் தொடங்கி இப்போது நான்கில் வந்து நிற்கிறீர்கள். குழியோ இன்னும் ஆழமாகிவிட்டது. இதற்கிடையே முட்டை சேர்க்கும்போது கலவை திரிந்துபோகிறது. இந்த நான்கும் தவிர, ஒருமுறை பேக்கிங் பவுடரைப் போடவே மறந்துவிட்டீர்கள், இன்னொரு முறை அதற்குப் பதிலாக சோடாவைப் போட்டுவிட்டீர்கள். இவற்றில் எதைச் சரிசெய்ய முடியும், எதைக் கைவிட வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

முதலில் பேக்கிங் பவுடரைக் கூட்டுவதை நிறுத்துங்கள். குழிந்த கேக்கைப் பார்த்ததும் "சரியாக எழும்பவில்லை" என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் உங்கள் கேக் எழும்பாமல் இல்லை. எழும்பியதைத் தாங்கி நிற்க அதற்கு வலு வரவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு குறைகள். இரண்டுக்கும் மருந்தும் எதிரெதிரானது.

ஓவனுக்குள் நடப்பதைச் சற்று விளக்கினால் இது புரியும். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது நுண்ணிய காற்றுக் குமிழ்கள் வெண்ணெய்க்குள் சிறைப்படுகின்றன. பேக்கிங் பவுடர் புதிய குமிழ்களை உண்டாக்குவதில்லை. அது வெளிவிடும் கரியமில வாயு, நீங்கள் அடித்து வைத்த குமிழ்களுக்குள் புகுந்து அவற்றைப் பெரிதாக்குகிறது. சூடு ஏற ஏற முட்டையின் புரதம் இறுகுகிறது, மைதாவின் மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பசையாகித் திடப்படுகிறது. குமிழ்களின் சுவர் இறுகுவதும் குமிழ்கள் முழு அளவுக்கு விரிவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தால் கேக் நிற்கும். பவுடர் அதிகமானால் வாயு அவசரமாக வெளிப்பட்டு, சுவர் இறுகுவதற்கு முன்பே குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்துவிடும். கேக் உச்சிக்குப் போய்த் தானே அமர்ந்துவிடும். 120 முதல் 125 கிராம் மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி, மிஞ்சிப் போனால் ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்பது நான் விடாமல் பின்பற்றும் கணக்கு. அந்தக் கணக்கில் 250 கிராமுக்கு இரண்டு தேக்கரண்டியே போதும். உங்கள் நான்கு ஏறக்குறைய இரு மடங்கு.

ஆனால் முதல் கேக்கில் நீங்கள் போட்டது இரண்டரைதான், அதுவும் குழிந்திருக்கிறது. ஆகவே பவுடர் உங்கள் மூல நோயல்ல. பிறகு நீங்களே சேர்த்துக்கொண்ட நோய். மூலம் என்னவென்று அறிய, கேக்கை நடுக்குழியின் குறுக்கே நேராக வெட்டி, வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சமையல் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இந்த ஒரு வெட்டு அதிகம் சொல்லும். குழிக்கு நேர் கீழே ஈரமாக, விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, மங்கிய மெழுகு நிறத்தில் ஆப்பு வடிவில் ஒரு பகுதி தெரிந்தால் கேக் வேகவில்லை. பவுடருக்கும் அதற்கும் தொடர்பில்லை. குழி இருந்தும் அதன் கீழுள்ள பகுதி உலர்ந்து, பெரிதும் சிறிதுமான ஓட்டைகளோடு பொறபொறவென்று உதிர்ந்தால், நாக்கில் லேசான கசப்பும் இருந்தால், பவுடரோ சோடாவோ மிகுந்துவிட்டது. அடியில் மட்டும் ஒரு விரல் கனத்துக்கு ரப்பர் போன்ற பட்டை ஓடினால் வெண்ணெய் சரியாக நுரைக்கவில்லை, அல்லது நீர்ப்பொருள் கூடிவிட்டது. மண்புழு துளைத்ததுபோல் கீழிருந்து மேலாக நீண்ட குழாய்கள் தெரிந்தால், மைதா சேர்த்த பிறகு அளவுக்கு மீறிக் கலக்கியிருக்கிறீர்கள். மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இழுவையாகி, வாயு வெளியேற வழி தேடிக் குடைந்த தடம் அது.

உங்கள் முதல் கேக்கில் ஈர ஆப்புதான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஏனென்றால் 180 டிகிரியில் முப்பது நிமிடம், முன்கூட்டிச் சூடாக்கியது ஐந்து நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓவனின் விளக்கு அணைந்ததும் உள்ளே சூடு தயாராகிவிட்டது என்று நம்புகிறோம். அப்போது சூடேறியிருப்பது காற்று மட்டுமே. சுவர்களும் தட்டும் இன்னும் ஆறியே இருக்கும். கதவைத் திறந்து டின்னை வைத்து மூடுவதற்குள் அந்தக் காற்றுச் சூடும் போய்விடும். குறைந்தது இருபது நிமிடம் சூடாக்க வேண்டும். அதோடு வீட்டு ஓவன்களின் வெப்பத் திருகு காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் வெப்பத்துக்கும் 15, 20 டிகிரி வேறுபாடு இருப்பது மிகச் சாதாரணம். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மோமீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள்; நல்ல டின்னையும் உயர்ந்த வெண்ணெயையும் வாங்குவதற்கு முன் வாங்க வேண்டியது அதுதான். குறிப்பில் 350 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட், நமது கணக்கில் 177 டிகிரி செல்சியஸ். விசிறியுள்ள ஓவனில் குறிப்பிட்ட அளவைவிட 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும். இதற்கு நேர்மாறாகச் சூடு கூடினால், மேல்தோல் முதலில் இறுகி, உள்ளிருக்கும் கலவை பிறகு அதைப் பிளந்துகொண்டு எழும்பும். மேட்டோடு வெடித்த கேக்கின் கதை அதுதான். கரும்பூச்சுள்ள டின் சூட்டை அதிகம் இழுக்கும் என்பதால் அதற்கு 10 டிகிரி குறைப்பது நல்லது.

வெந்துவிட்டதா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஓரங்கள் டின்னை விட்டு மெல்ல விலகியிருக்க வேண்டும்; நடுவில் விரலால் தொட்டால் பள்ளம் விழாமல் மேலெழும்ப வேண்டும்; நடுவில் செருகிய குச்சியில் ஈரக்கலவை ஒட்டக் கூடாது, இரண்டொரு துகள் ஒட்டினால் பரவாயில்லை. உணவுக்குள் செருகும் தெர்மோமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 96 முதல் 99 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குறித்த நேரத்தில் முக்கால் பங்கு கழியும் வரை கதவைத் திறக்கவே கூடாது. அதற்கு முன் திறந்தால் சுவர் இறுகாத குமிழ்கள் குளிர்ந்து சுருங்கும். நீங்கள் ஆவலோடு எட்டிப் பார்த்த அந்தப் பத்து விநாடியில் நடு அமுங்கிவிடும்.

இனி நீங்கள் கேட்ட தவறுகளுக்கு வருகிறேன். எதைக் காப்பாற்ற முடியும் என்பது அனேகமாக நீங்கள் அதை எப்போது கவனித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கலவை கிண்ணத்தில் இருக்கும்போது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் வழி உண்டு. ஓவனுக்குள் போன முதல் ஐந்து நிமிடத்தில் சிலவற்றுக்கு உண்டு. வெந்த பிறகு கேக்கைச் சரிசெய்ய முடியாது. அதை வேறொன்றாக மாற்றத்தான் முடியும்.

கலவை திரிவதைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை. நுரைத்த வெண்ணெயில் முட்டையை ஊற்றி அடிக்கும்போது, பளபளப்பாக இருந்த கலவை திடீரென்று தன் மினுக்கை இழந்து, சிறு சிறு கட்டிகளாகப் பிரிந்து, கிண்ணத்தின் ஓரத்தில் நீர் கசிவதைப் பார்க்கிறீர்கள். முட்டையின் பெரும்பகுதி நீர். அந்த நீரை வெண்ணெயின் கொழுப்பு தன்னுள் பிடித்து வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டை பட்டதும் வெண்ணெய் உறைந்து பிடியை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் பத்துப் பதினைந்து விநாடி மட்டும் வைத்து எடுத்து மறுபடி அடியுங்கள். ஓரத்து வெண்ணெய் லேசாக இளகிக் கலவை கூடி வரும். அதற்கும் வரவில்லை என்றால் அளந்து வைத்த மைதாவிலிருந்தே ஒரு மேசைக்கரண்டி எடுத்துச் சேர்த்து மெதுவாகச் சுற்றுங்கள். அது கசிந்த நீரை ஏற்றுக்கொள்ளும். ஒன்றும் செய்யாமல் விட்டால்கூடக் கேக் சற்றுச் சொரசொரப்பாக வருமே தவிர வீணாகாது. வராமல் தடுக்க, முட்டைகளை ஓட்டோடு பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் போட்டு வையுங்கள்; ஒன்றன்பின் ஒன்றாக, முந்தையது முழுதும் கலந்த பிறகே அடுத்ததைச் சேருங்கள்.

வெண்ணெயின் பக்குவம் இதைவிட முக்கியம். 18 முதல் 21 டிகிரி வரையுள்ள வெண்ணெய்தான் காற்றைப் பிடிக்கும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது, மேற்பரப்பு எண்ணெய் மின்னக் கூடாது. வெப்பமான சமையலறையில் ஒரு மணி நேரம் வெளியே வைத்த வெண்ணெய் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் கிண்ணத்தை ஐந்து நிமிடம் குளிர்ந்த நீரில் நிறுத்தி வைத்துவிட்டு அடியுங்கள். நிறம் மஞ்சளிலிருந்து வெளிறிய பாலேட்டு நிறத்துக்கு மாறும் வரை, மின் பீட்டரில் நான்கைந்து நிமிடம் அடிக்க வேண்டும். கேக்கின் மென்மையில் பாதி இந்த நான்கைந்து நிமிடத்தில் தீர்மானமாகிறது. இதை அவசரப்படுத்துகிறவர்கள்தான் பிறகு பேக்கிங் பவுடரை நம்பத் தொடங்குகிறார்கள்.

பேக்கிங் பவுடரை மறந்ததைப் பற்றி: ஓவனுக்குப் போகும் முன் நினைவு வந்தால் ஒரு மேசைக்கரண்டி மைதாவோடு அதைச் சேர்த்துச் சலித்து, கலவையின் மேல் பரவலாகத் தூவி, அகப்பையால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். ஓரிடத்தில் கொட்டினால் அந்த இடம் மட்டும் பொங்கிக் கசக்கும். ஓவனுக்குள் போன பின் நினைவு வந்தாலும் முதல் நான்கைந்து நிமிடத்துக்குள் என்றால் கைவிட வேண்டாம். எனக்கே ஒரு பிறந்தநாள் கேக்கில் அப்படி நேர்ந்தது. டின்னை உள்ளே வைத்துக் கதவை மூடிவிட்டுப் பாத்திரம் கழுவத் திரும்பியபோது, அளந்து வைத்த இரண்டு தேக்கரண்டி பவுடர் சிறு கிண்ணத்தில் அப்படியே இருந்தது. டின்னை உடனே வெளியே எடுத்தேன். கலவையின் மேல்பகுதி இன்னும் தளதளவென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு நூல் கனத்துக்கு இறுகியிருந்தது. இறுகிய பகுதியைச் சுரண்டாமல், தளர்வாக இருந்ததை மட்டும் கிண்ணத்தில் சரித்து, பவுடரைச் சலித்து இருபது சுற்றுக்கு மேல் போகாமல் கலந்து, வேறொரு டின்னில் ஊற்றி வைத்தேன். வழக்கமான உயரத்தில் முக்கால் பங்கு வந்தது. வெட்டிப் பார்த்தபோது துளைகள் சீராகவே இருந்தன. சுரண்டிச் சேர்த்திருந்தால் ஆங்காங்கே கட்டிகள் தெரிந்திருக்கும். பத்து நிமிடம் கழிந்துவிட்டால் இது பலிக்காது, முயலவும் வேண்டாம்.

சோடாவை மாற்றிப் போட்டது வேறு கதை. பேக்கிங் சோடா ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மையுள்ள பொருள். புளிப்புள்ள ஏதேனும் ஒன்றோடு சேர்ந்தால்தான் முறையாக வேலை செய்யும். பேக்கிங் பவுடரில் அந்தச் சோடாவும், அதற்கு வேண்டிய அமிலமும், ஈரத்தை உறிஞ்ச மாவுச்சத்தும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே எடைக்கு எடை சோடாவின் வேகம் பவுடரைப்போல் மூன்று, நான்கு மடங்கு. இரண்டு தேக்கரண்டி பவுடருக்குப் பதில் இரண்டு தேக்கரண்டி சோடா விழுந்துவிட்டால், எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து சரிக்கட்டலாம் என்று முயலாதீர்கள். தேவைப்படும் சாறு கேக்கையே தண்ணீராக்கிவிடும். அந்தக் கலவையைக் கொட்டிவிடுவதே நல்லது. வெந்தால் சவர்க்காரம் போன்ற சுவையோடு, அடர்ந்த பழுப்பு நிறத்தில் வரும். எந்தக் க்ரீமும் அதை மறைக்காது. வீட்டில் பவுடர் தீர்ந்து சோடா மட்டும் இருந்தால், ஒரு தேக்கரண்டி பவுடருக்குக் கால் தேக்கரண்டி சோடாவும் அரைத் தேக்கரண்டி க்ரீம் ஆஃப் டார்டர் என்ற புளிப்புப் பொடியும் ஈடாகும். அதுவும் இல்லையென்றால் கால் தேக்கரண்டி சோடாவோடு அரைக் கப் புளித்த மோர் சேர்த்து, குறிப்பிலுள்ள பாலில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்த கலவை காத்திருக்காது. கலந்த உடனே வாயு வெளியேறத் தொடங்குவதால் ஓவன் தயாராக இருக்க வேண்டும். பழைய பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று அறிய அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போடுங்கள். சீறிப் பொங்கினால் நல்லது, சோம்பலாக இரண்டு குமிழ் விட்டால் எறிந்துவிடுங்கள்.

சோடா மிகுந்ததற்கு இன்னொரு அடையாளம் உண்டு. கேரட் கேக்கிலோ சூரியகாந்தி விதை சேர்த்த கேக்கிலோ பச்சைத் திட்டுகளைக் கண்டு பூஞ்சை பிடித்துவிட்டதாகச் சிலர் பயந்து போகிறார்கள். அவற்றில் இயல்பாக உள்ள குளோரோஜெனிக் அமிலம் காரத்தோடு சேரும்போது பச்சையாகிறது. உண்பதால் தீங்கில்லை, அடுத்த முறை சோடாவைக் குறைத்து நன்றாகச் சலித்துச் சேர்த்தால் போதும்.

சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டியது போன்ற தவறுக்கு மருந்தே இல்லை. உப்பு ஒரு தேக்கரண்டி கூடிப்போனது என்றால் மட்டும், உப்பில்லாமல் இன்னொரு மடங்கு கலவை தயாரித்து இரண்டையும் சேர்த்து இரண்டு கேக்காகச் சுடலாம். சர்க்கரையை மறந்துவிட்டு வெண்ணெயோடு மைதாவையும் கலந்த பிறகு நினைவு வந்தால், பொடித்த சர்க்கரையாகச் சேர்த்துக் குறைந்த சுற்றில் கலந்துவிடுங்கள். நுரைப்பு கொஞ்சம் குறையும், சுவை காப்பாற்றப்படும். உடல்நலம் கருதிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கேக்கில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை, ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மாவு அவசரமாக இறுகாமல் தாமதப்படுத்துவதும், மேல்தோலுக்கு நிறம் தருவதும் அதுவே. ஐந்தில் ஒரு பங்கு குறைக்கலாம். பாதியைக் குறைத்தால் வெளிறி வறண்டு வரும், அது உங்கள் கைத்தவறல்ல.

அளவைப் பொறுத்தவரை, எடை பார்க்கும் தராசு இல்லாமல் கேக் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரே கப்பால் மைதாவைப் பையிலிருந்து அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை ஏறும். கரண்டியால் தளர்வாக இட்டு மேலே வழித்தால் 120 கிராம்தான். இரண்டு கப் போடும் குறிப்பில் 60 கிராம் மாவு கூடிப்போனால் கேக் வறண்டு கட்டியாவதில் வியப்பென்ன? கப்பிலும் பல உண்டு: அமெரிக்கக் குறிப்புகளில் ஏறக்குறைய 240 மில்லி, மெட்ரிக் கப் 250 மில்லி. மேசைக்கரண்டி பெரும்பாலும் 15 மில்லி. ஆஸ்திரேலியக் குறிப்புகளில் மட்டும் 20. மாவு கூடிக் கலவை மிகக் கெட்டியாக நிற்கிறது என்று கண்டால் ஒவ்வொரு மேசைக்கரண்டியாகப் பால் சேர்த்துத் தளர்த்துங்கள். அகப்பையைத் தூக்கினால் கலவை மெதுவாக, துண்டு துண்டாக விழ வேண்டும், நீராக ஒழுகக் கூடாது.

ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போடும்போது நடக்கும் விபத்துகளும் இதே வகையைச் சேர்ந்தவை. வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம், மீதி பெரும்பாலும் நீர். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. ஆகவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் எண்ணெயும் 20 மில்லி பாலும் ஈடு. ஆனால் எண்ணெயை எவ்வளவு அடித்தாலும் காற்றைப் பிடிக்காது என்பதால், வெண்ணெயை நுரைக்கச் சொல்லும் குறிப்பில் எண்ணெயை ஊற்றுவதைவிட, எண்ணெய்க்கென்றே எழுதப்பட்ட குறிப்பைத் தேடுவது மேல். உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு போட வேண்டாம். தானே எழும்பும் மாவு என்று விற்பதில் பேக்கிங் பவுடர் ஏற்கனவே கலந்திருக்கிறது. அதில் மறுபடி பவுடர் போட்டுவிட்டு, கேக் ஏன் குழிந்தது என்று கேட்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் மைதாப் பொட்டலத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஒரு முட்டைக்கு 60 கிராம் கெட்டித் தயிரோ, ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊற வைத்ததோ ஈடாகும். இரண்டு முட்டை வரை இது சரிவரும்; முட்டையின் நுரையையே நம்பி நிற்கும் ஸ்பான்ஜ் கேக்கில் சரிவராது.

கோகோவில் ஒரு நுட்பம் இருக்கிறது. இயல்பான கோகோ சற்றுப் புளிப்புள்ளது. சோடா போடும் குறிப்புகள் அந்தப் புளிப்பை நம்பி எழுதப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹூட்டன், கோகோவைக் காரத்தால் பதப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார். டச்சு கோகோ என்ற பெயர் அதனால் வந்தது. அது கருத்து, கசப்புக் குறைந்து, புளிப்பில்லாமல் இருக்கும். சோடா மட்டும் போடும் குறிப்பில், வேறு புளிப்புப் பொருளும் இல்லாதபோது, டச்சு கோகோவைப் போட்டால் கேக் தட்டையாகும், சோடா வாடையும் நிற்கும். அங்கே பாலுக்குப் பதில் மோர் சேர்த்தால் சரியாகிவிடும். மோர் இல்லையென்றால் ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு பிழிந்து பத்து நிமிடம் வையுங்கள்.

டின் அளவு மாறினால் நேரமும் மாறும். 8 அங்குல வட்ட டின்னின் பரப்பு சுமார் 50 சதுர அங்குலம், 6 அங்குலத்தினுடையது 28தான். 8 அங்குலக் கலவையை 6 அங்குல டின்னில் முழுதும் ஊற்றினால் வழியும், நடுவும் வேகாது. 9 அங்குல வட்டமும் 8 அங்குலச் சதுரமும் ஏறக்குறைய சமம் என்பதை நினைவில் வைத்தால் பெரும்பாலான குழப்பம் தீரும். டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம்.

கேக் டின்னில் ஒட்டிக்கொண்டால் கத்தியால் குத்திப் பெயர்க்காதீர்கள். வெளியே எடுத்துப் பத்து நிமிடத்தில் கவிழ்க்க வேண்டும்; மறந்து முழுதும் ஆறவிட்டால் அடியிலுள்ள வெண்ணெயும் சர்க்கரையும் உறைந்து பிடித்துக்கொள்ளும். டின்னின் அடியை மிதமான சூட்டில் ஓரிரு நிமிடம் காட்டினால் பிடி விட்டுப்போகும். பட்டர் பேப்பர் போட்டிருந்தால் இந்தப் பேச்சே எழாது.

சாக்லெட் உருகும்போது ஒரு சொட்டு நீரோ, நீராவியோ பட்டால் சட்டென்று கட்டியாகி மணல்போல் ஆகிவிடும். நீர் பட்டதால் கெட்டதைச் சரிசெய்வது இன்னும் கொஞ்சம் நீர்தான்: சூடான பாலோ க்ரீமோ ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேர்த்துக் கலக்கினால் மறுபடி மினுங்கும். மேலே ஊற்றும் குழம்பாகவோ கேக் கலவைக்குள்ளோ பயன்படுத்தலாம்; இறுகி உடையும் சாக்லெட்டாக இனி வராது. கரிந்த வாடை வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். க்ரீமை அளவுக்கு மீறி அடித்து அது சொரசொரப்பாகி மஞ்சள் ஓடத் தொடங்கினால், பீட்டரை உடனே நிறுத்திவிட்டு, அடிக்காத குளிர்ந்த க்ரீம் இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஊற்றிக் கையாலேயே மெதுவாகக் கலக்குங்கள். நீர் தனியே பிரிந்துவிட்டால் அது வெண்ணெயாகிவிட்டது. தொடர்ந்து அடித்து வெண்ணெயாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெந்து முடிந்த பிறகு செய்யக்கூடியவை சில. வறண்ட கேக்குக்கு 100 கிராம் சர்க்கரையை 100 மில்லி நீரில் கொதிக்கவிட்டு ஆற வைத்த பாகை, கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போதே தூரிகையால் தடவுங்கள். ஓர் அடுக்குக்கு மூன்று மேசைக்கரண்டி போதும், ஊற்றினால் சொதசொதத்துவிடும். கரிந்த மேல்தோலைக் கத்தியால் வெட்டுவதைவிட, ஆறிய பின் நுண்ணிய துருவியால் தேய்த்து நீக்கினால் வடிவம் கெடாது. நடுப்பகுதி வேகவில்லை என்பதை எடுத்த சில நிமிடத்துக்குள் கண்டால் மேலே அலுமினியத் தாள் மூடி 160 டிகிரியில் மறுபடி வையுங்கள். குழி மறையாது, உள்பகுதி வெந்துவிடும். முழுதும் ஆறிய பிறகுதான் கண்டீர்கள் என்றால் ஈரமான நடுவை வட்டமாக வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய வளையத்தில் க்ரீமும் பழமும் நிரப்பலாம். அந்த ஈரப்பகுதியை உதிர்த்து உருண்டை பிடிக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்; தயவுசெய்து செய்யாதீர்கள். வேகாத முட்டையும் வேகாத மைதாவும் நோய்க்கிருமிகளைத் தாங்கியிருக்கக்கூடும், குழந்தைகளுக்குக் கொடுக்கும் பண்டத்தில் அந்தத் துணிச்சல் வேண்டாம். நன்றாக வெந்து, எழும்பாமல் மட்டும் போன கேக்கை விரல் கனத்துக்கு வெட்டி 150 டிகிரியில் இருபத்தைந்து நிமிடம் உலர்த்தினால் நல்ல ரஸ்க் கிடைக்கும்.

ஐந்தாவது முறை செய்யும்போது உங்கள் குறிப்பில் எதையும் மாற்றாமல், பேக்கிங் பவுடரை மட்டும் இரண்டு தேக்கரண்டிக்குக் கொண்டுவாருங்கள். ஓவனை இருபது நிமிடம் சூடாக்கி, தெர்மோமீட்டர் 180 காட்டிய பின் நடுத்தட்டில் வையுங்கள். முப்பது நிமிடத்தில் எடுக்காமல், நடுவில் குச்சி ஈரமின்றி வரும் வரை ஐந்து ஐந்து நிமிடமாக நீட்டுங்கள். நாற்பது நிமிடம் ஆனாலும் பயப்பட வேண்டாம். அப்போதும் குழிந்தால், குறுக்கே வெட்டி, குழியின் கீழே ஈரமா உலர்வா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். அடுத்து எதை மாற்றுவது என்பதை அதிலிருந்து சொல்லிவிடலாம்.